‘வேலை உறுதி’ என்கிறார்கள், பணம் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்கான கணினிப் பயிற்சி, முதல் வேலை பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், கடைசி வருடம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். சென்னையில் ஒரு பயிற்சி மையம், 45,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதத்தில் ஃபுல் ஸ்டாக் (இணையதளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்குமான கோடிங்) சொல்லிக்கொடுத்து நூறு சதவீதம் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறது. அம்மா தோட்டை அடகு வைக்கிறேன் என்கிறார். சேரட்டுமா?
– மாணவி, அரூர்

அம்மாவின் தோடு காதிலேயே இருக்கட்டும்.

அந்த மையம் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை, அது எந்த மையம் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டீஸில் நூறு சதவீதம் என்று போடுகிறவர்கள், நீங்கள் கையெழுத்துப் போடும் படிவத்தில் வேலைக்கு ‘உதவி செய்வோம்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். உங்கள் ரெஸ்யூமேயை நாலு இடத்துக்கு மெயில் அனுப்புவார்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேலை அறிவிப்பு லிங்க் போடுவார்கள். இதற்கு 45,000 ரூபாயா?

நேரில் போனால் இதைக் கேளுங்கள்: போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், என்ன சம்பளம், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள். அந்த பேட்சில் மூன்று பேரின் நம்பரைக் கேளுங்கள், அதுவும் அவர்கள் பொறுக்கிக் கொடுக்கும் மூன்று பேர் வேண்டாம், பட்டியலைப் பார்த்து நீங்கள் கை வைக்கிற மூன்று பேர். நல்ல மையமாக இருந்தால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ‘அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் மேம்’ என்றால் பஸ் பிடித்து அரூர் வந்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் படிப்பது பி.எஸ்சி. கணிதம். உங்களை மாதிரிப் பட்டதாரிகளைப் பெரிய நிறுவனங்கள் நேரடியாக எடுத்து, தங்கள் செலவில், சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்துத்தான் பயிற்சி தருகின்றன. விப்ரோவின் ‘வில்ப்’ திட்டம் பி.சி.ஏ.வுக்கும், கணிதம், புள்ளியியல், இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல் படித்த பி.எஸ்சி. மாணவர்களுக்கும் என்றே இருப்பது. வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம், படிப்புச் செலவு அவர்களுடையது. முதல் வருடம் மாதம் 15,000 சொச்சம் உதவித்தொகை. பதிலுக்கு அறுபது மாத ஒப்பந்தம் கேட்பார்கள், ஐந்து வருடம். அது நீளம்தான், அதையும் யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். டிசிஎஸ் நிறுவனமும் பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களுக்கென்று தனியாகத் தேர்வு வைக்கிறது. காக்னிசன்ட்டும் மூன்று வருடப் பட்டதாரிகளை எடுக்கிறது. இவற்றில் எதற்கும் விண்ணப்பிக்கப் பணம் கிடையாது. வேண்டியது பத்தாம் வகுப்பிலிருந்து அறுபது சதவீதத்தை ஒட்டிய மார்க், ஆப்டிட்யூட் தேர்வு, ஓரளவு ஆங்கிலம். ஆப்டிட்யூட் என்பது நேரம்-தூரம், விகிதம், சதவீதம், லாப நஷ்டம். கணிதம் படிக்கிறவருக்கு இதில் பயம் வேண்டியதில்லை, வேகம்தான் பழக வேண்டும்.

பயிற்சி வேண்டுமென்றால் அது உங்கள் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கலைக் கல்லூரிகளிலும் செமஸ்டர் பாடத்தோடு சேர்த்தே பயிற்சி வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துவது, இலவசம். உங்கள் கல்லூரியில் எந்த கோர்ஸ் வந்தது, நீங்கள் அதில் உட்கார்ந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. உட்காராமல் விட்டிருந்தால் 45,000 ரூபாய் மையத்திலும் அதேதான் நடக்கும், தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது தவிர ஐ.சி.டி. அகாடமி என்று ஒன்று உண்டு. 2009இல் மத்திய, மாநில அரசுகளும் தொழில்துறையும் சேர்ந்து ஆரம்பித்தது. அவர்களும், நாந்தி அறக்கட்டளை நடத்தும் மஹிந்திரா பிரைடு வகுப்புகளும் கல்லூரிகளுக்கே வந்து சொல்லித் தருகிறார்கள். பிளேஸ்மென்ட் பார்க்கிற பேராசிரியரிடம் நேரே போய், ‘நம்ம கல்லூரிக்கு இந்த வருஷம் எது வருது சார்?’ என்று கேளுங்கள். பாதிக் கல்லூரிகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

மூன்று மாதத்தில் ஃபுல் ஸ்டாக் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடிங் வாசனையே இல்லாதவருக்கு மூன்று மாதத்தில் அதன் மேல்தோல்தான் கிடைக்கும். கணிதக்காரருக்கு எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல்., கொஞ்சம் பைதான் என்ற கோடிங் மொழி என்று போனால் டேட்டா பக்கம் கதவு சீக்கிரம் திறக்கும் என்பது என் கணிப்பு.

மகன் படிக்கும் கல்லூரியில் ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி, வேலை என்று ஆதார், வருமானச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறது. சும்மா கொடுக்கிறவன் எதையாவது எதிர்பார்ப்பானே? கொடுக்கலாமா?
– தந்தை, பரமக்குடி

எதிர்பார்ப்பார்கள்தான் ஐயா. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கடன் போக நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும், சட்டம் பிடிக்கும். 2014 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. தொழில்திறன் பயிற்சியும் இந்தச் செலவில் சேரும் என்பதால் வங்கிகள், ஐ.டி. கம்பெனிகள், கார் கம்பெனிகள் எல்லாம் அந்தப் பணத்தைத் தொண்டு நிறுவனங்களிடம் கொடுத்துப் பயிற்சி நடத்தச் சொல்கின்றன. அதனால்தான் உங்கள் மகனுக்கு இலவசம். யாரோ தர்மப் பிரபு கொடுப்பது என்று நினைத்துக் கூச வேண்டாம்.

பணம் கொடுக்கும் கம்பெனி கணக்குக் கேட்கும்: எத்தனை பேருக்குப் பயிற்சி, அவர்கள் ஏழைக் குடும்பம்தானா, எத்தனை பேருக்கு வேலை. அதற்குத்தான் வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், வேலை கிடைத்த பிறகு ஆஃபர் லெட்டரும் சம்பளச் சீட்டும். நகல் கொடுங்கள், என்ன காரணத்துக்காக என்று நகலின் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட், ஓ.டி.பி., வங்கி பாஸ்வேர்டு, ‘திருப்பித் தரப்படும் டெபாசிட்’ இவற்றில் எதைக் கேட்டாலும் அது பயிற்சி இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் சந்தேகம் நியாயம். இத்தனை பேரை வேலையில் சேர்த்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டிய அவசரத்தில், டேட்டா அனலிட்டிக்ஸ் படித்த பையனைக் கொண்டுபோய்க் கடன் அட்டை விற்கும் வேலையிலோ கடையில் பில் போடும் வேலையிலோ சேர்த்துவிட்டு ‘பிளேஸ்டு’ என்று எழுதிக்கொள்வதும் நடக்கிறது. அந்த வேலை வேண்டாம் என்று சொல்ல உங்கள் மகனுக்கு முழு உரிமை உண்டு. படித்ததற்குச் சம்பந்தமான வேலை எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள்.

பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. லேப்டாப் வாங்க வசதி இல்லை. போனை வைத்து கோடிங் கற்க முடியுமா?
– மாணவர், மன்னார்குடி

ஆரம்பிக்க முடியும், முடிக்க முடியாது தம்பி. கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் இலவசத் தளமான கூகுள் கோலாப் போன் பிரவுசரிலேயே ஓடும், பைதான் பழகலாம். எஸ்.க்யூ.எல். பழகவும் ஆன்லைன் தளங்கள் இருக்கின்றன. ஒரு ஓ.டி.ஜி. கேபிளும் சாதாரண கீபோர்டும் சில நூறு ரூபாய்தான், போனோடு இணைத்துவிட்டால் கட்டை விரலால் கோடு அடிக்கும் அவஸ்தை போய்விடும். இந்த யோசனையைச் சொன்னால் பலரும் சிரிக்கிறார்கள், ஆனால் வேலை செய்கிறது.

பாடத்துக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாருங்கள். லினக்ஸ், சி, ஜாவா, பைதான் என்று சின்னச் சின்ன வீடியோக்கள், தமிழ்க் குரலிலும் இருக்கின்றன, தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் மிச்சம். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

ஆனால் ஒரு புராஜெக்ட் என்று செய்து முடிக்க முழுக் கணினி வேண்டும். உங்கள் கல்லூரி லேப் மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் பூட்டிக் கிடக்கும். துறைத் தலைவரிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து, லேப் அசிஸ்டன்ட் இருக்கும் நேரத்திலேயே ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள், தனியாகப் போனால் கொடுக்க மாட்டார்கள். அரசு லேப்டாப் திட்டம் 2011இல் ஆரம்பித்து நடுவில் நின்றுபோனது, 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடி அறிவித்தார்கள், உங்கள் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அலுவலகத்தில் பாருங்கள். அப்புறம், கம்பெனிகள் கழித்துக் கட்டிய பழைய ஆபீஸ் லேப்டாப்களை ரிப்பேர் பார்த்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கண் முன்னே ஆன் செய்து காட்டுவார்கள். வாங்கும்போது பேட்டரியையும் கீபோர்டையும் பார்த்து வாங்குங்கள், வெளித்தோற்றத்தில் கீறல் இருந்தால் பரவாயில்லை, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு வருகிறதென்றால் அதைச் சேர்த்து வையுங்கள்.

மகளுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. வருடம் 2.52 லட்சம் என்கிறார்கள். ஊரில் எல்லாரும் ‘இரண்டரை லட்சமா!’ என்கிறார்கள். அவள் அப்பா, ‘சென்னையில் தங்கிச் சாப்பிட்டால் மிச்சம் என்ன?’ என்கிறார். அனுப்பலாமா?
– தாய், உத்தமபாளையம்

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி, அதனால் கணக்குப் போட்டே பார்ப்போம். 2024 ஆகஸ்ட்டில் காக்னிசன்ட் இதே 2.52 லட்சம் அறிவித்தபோது சமூக ஊடகமே சிரித்தது. நிறுவனம், அது மூன்று வருடப் பட்டதாரிகளுக்கு, பொறியியல் படித்தவர்களுக்கு நாலு லட்சத்திலிருந்து என்று விளக்கம் சொன்னது. சிரித்தவர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர்கள்.

2.52 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 21,000. இது கைக்கு வராது. இதை சி.டி.சி. என்பார்கள், உங்கள் மகளுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும், சில இடங்களில் கிராஜுட்டியும் இன்ஷூரன்ஸும் இதற்குள்ளேயே இருக்கும். அப்புறம் மகளின் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். பிடிப்பார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போகாததால் இ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, அதற்கு 0.75 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி. எல்லாம் போகப் பதினேழு, பதினெட்டாயிரம் கையில் வந்தால் நல்லது. பி.எஃப். போனது எங்கும் போகவில்லை, அவள் கணக்கில்தான் சேரும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் குடும்பத்துக்கும் மருத்துவம் பார்க்கலாம், அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் மூன்று பேர், நாலு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு ஏழிலிருந்து ஒன்பதாயிரம் வரை ஆகும். போக்குவரத்து, போன், ஊருக்கு வந்துபோகும் பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்து நாலாயிரம். மாதம் நாலாயிரம், ஐயாயிரம் நிற்கும், அதுவும் முதல் மாதம் அட்வான்ஸ், பாய், பக்கெட் என்று எதிர்ப்பக்கம்தான் போகும். முதல் சம்பளம் வரும் வரை சமாளிக்க ஒரு பதினைந்தாயிரம் கையில் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டியிருக்கும். இந்தப் பதினைந்தாயிரம் இல்லாமல் ஆஃபரை விட்டுவிட்டு ஊரிலேயே நின்றுபோன பெண்கள் உண்டு. பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனங்கள் இந்த ஒரு மாதச் செலவுக்கு ஏதாவது வழி செய்தால் அவர்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எதையும்விட அது உபயோகமாக இருக்கும் என்று நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

தங்குவதற்கு, வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகளைப் பாருங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு என்று இருக்கின்றன, அவள் அலுவலகம் எந்தப் பக்கம் என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் என்றால் வீட்டு வாசல் வரை வண்டி உண்டா என்று எச்.ஆரிடம் மெயிலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

அனுப்பலாமா என்றால், வேலை என்ன வேலை என்று பார்த்து அனுப்புங்கள். கோடிங், டெஸ்டிங், டேட்டா, சர்வர் பார்த்துக்கொள்ளும் சப்போர்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள், இரண்டு வருடத்தில் கம்பெனி மாறினால் சம்பளமும் மாறும். வெறும் போன் எடுத்துப் பேசும் வேலை என்றால் யோசிக்கலாம். பொறியியல் படித்தவர்களுக்கே பெரிய கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டிப் பத்து வருடத்துக்கும் மேலாக நகராமல் நிற்கிறது, அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, ஆனால் அதற்காக உங்கள் மகளை வீட்டில் உட்காரச் சொல்ல மாட்டேன்.

ஒன்று விட்டுப்போச்சு. முதல் மாதமே ‘வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவே?’ என்று கேட்காதீர்கள்.

பி.ஏ. வரலாறு படிக்கிறேன். எனக்கு ஐ.டி.யில் இடம் உண்டா?
– மாணவர், செய்யாறு

மற்ற கம்பெனிகளின் அலுவலக வேலைகளை வாங்கிச் செய்துகொடுக்கும் பி.பி.ஓ. பக்கம் உண்டு, கலை, வணிகவியல் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஓடுகிறார்கள் என்று ஓட வேண்டாம். தட்டச்சு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முடித்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கத் தேர்வும் எழுதி வைத்தால் டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்கும் உதவும், தனியார் அலுவலகத்துக்கும் உதவும். வரலாறு குரூப் தேர்வுக்கு எப்படியும் வேண்டும். எக்செல் மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

பொறியியல் முடித்து, கேம்பஸில் தேர்வாகி, ஆஃபர் லெட்டர் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜாயினிங் தேதி கேட்டால் ‘பிசினஸ் தேவையைப் பொறுத்து’ என்று ஒரே பதில். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. தெருவில் தலை காட்ட முடியவில்லை.
– பட்டதாரி, விருத்தாசலம்

தலையைக் காட்டுங்கள் தம்பி, தப்பு உங்களுடையது இல்லை. 2023-24 நிதியாண்டில் மட்டும் டிசிஎஸ்ஸில் 13,249 பேர், இன்ஃபோசிஸில் 25,994 பேர், விப்ரோவில் 24,516 பேர் என்று ஆள் எண்ணிக்கை குறைந்தது. அவர்களே வெளியிட்ட கணக்கு இது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இருப்பவர்களுக்கே வேலை ஆடும்போது புதியவர்களின் தேதி தள்ளிப்போகத்தான் செய்யும். புதியவர்களுக்கென்று இருந்த சின்னச் சின்ன டெஸ்டிங், ரிப்போர்ட் வேலைகளை ஏ.ஐ. கருவிகள் எடுத்துக்கொள்வதும் இதில் சேர்ந்துகொண்டது.

அந்தக் கடிதத்தை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, அது இல்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி தேடுங்கள். முதல் வேலையாக ‘நாட்ஸ்’ எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டதாரிகளுக்கு 2019 விதிப்படி குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை, அதில் பாதியை மத்திய அரசு கொடுப்பதால் கம்பெனிகளும் எடுக்கத் தயங்குவதில்லை. அரசு போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியமும்கூட இதில் ஆள் எடுக்கின்றன. முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி உத்தரவாதம் கிடையாது. ஆனால் ரெஸ்யூமேயில் ஒரு வருடம் வெற்றிடமாக இருப்பதற்கும், ஒரு வருடம் எங்கோ வேலை பார்த்ததாக இருப்பதற்கும் இன்டர்வியூவில் பெரிய வித்தியாசம். 2024 அக்டோபரில் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் இருக்கிறது, 21 முதல் 24 வயது, மாதம் 5,000. அதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே இடம் கிடைத்தால் போங்கள், ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு வெளியூரில் வாழ முடியாது.

எல்லா வேலையும் ஓ.எம்.ஆரில்தான் என்றும் இல்லை. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூர், சேலத்தில் அதே வருடம் செப்டம்பரிலும் நியோ டைடல் பூங்காக்கள், அதாவது சிறிய ஐ.டி. பூங்காக்கள் திறந்திருக்கிறார்கள். விருத்தாசலத்திலிருந்து விழுப்புரம் ரயிலில் ஒரு எட்டு. அங்கே இருப்பது சின்ன கம்பெனிகள்தான், நேரே போய் ரெஸ்யூமே கொடுத்தால் ஆளைப் பார்த்துப் பேசுவார்கள்.

இந்த மாதிரிக் காத்திருக்கும் பிள்ளைகளைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இருக்கிறது. ‘பேக்டோர்ல உள்ளே போட்டு விடறோம், இரண்டு லட்சம்’ என்பார்கள், அசல் மாதிரியே லெட்டர்ஹெட்டில் ஆஃபர் வரும். பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவு பணம் மீளும் வாய்ப்பு.

நான் ஓர் உதவிப் பேராசிரியர். திறன் பயிற்சி வகுப்புகளைக் கல்லூரியில் நானே ஒருங்கிணைக்கிறேன். மாணவர்கள் வருவதில்லை, வந்தாலும் வீடியோவை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள். சான்றிதழ் மட்டும் வேண்டும். இவர்களுக்கு எதற்கு இவ்வளவு செலவு?
– பேராசிரியர், பெயரும் ஊரும் வேண்டாம்

உங்கள் அலுப்பு புரிகிறது. ஆனால் உங்கள் வகுப்பு எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகு, மதியம் இரண்டிலிருந்து நாலு என்றால் விடை அங்கேயே இருக்கிறது. அந்த நேரத்தில் பையன் ஜவுளிக்கடையில் நிற்கிறான், சாப்பாடு டெலிவரி செய்கிறான், முகூர்த்த நாளில் கேட்டரிங்கில் பரிமாறுகிறான். பெண்பிள்ளைக்கு அந்த பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது, வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அவள்தான். இந்தத் திட்டங்கள் கட்டணத்தைத்தான் இலவசமாக்கின, அந்த இரண்டு மணி நேரக் கூலியை யாரும் ஈடு செய்யவில்லை. வகுப்பைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றக் கல்லூரி முதல்வரிடம் சண்டை போடுங்கள், அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

சான்றிதழ் விஷயத்தில் கல்லூரிகளும் யோக்கியம் இல்லை, சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. வருகைப் பதிவை நிரப்பி, எல்லாருக்கும் மதிப்பெண் போட்டு, மேலே அறிக்கை அனுப்பிவிட்டுப் பிள்ளைகள் மட்டும் உண்மையாகப் படிக்க வேண்டும் என்றால் எப்படி? வீடியோ பார்த்ததற்கு மார்க் போடாதீர்கள். கடைசி வாரம் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டட்டும், ஊர் ரேஷன் கடைப் பொருள் கணக்காக இருக்கட்டும், கபடிப் போட்டி ஸ்கோர் போடும் சின்ன ஆப்பாக இருக்கட்டும். அதை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது இன்டர்வியூவுக்கும் ஒத்திகை.

இன்னொன்று, கடைசி வருடத்தில் கம்பெனியைக் கூட்டி வருவதைவிட இரண்டாம் வருடத்தில் உங்கள் பழைய மாணவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பஸ்ஸில் வந்து, இப்போது வேலையில் இருப்பவர். மோட்டிவேஷன் பேச்சாளர் யாரும் வேண்டாம், தயவுசெய்து.

தமிழ் மீடியம். கோடிங் வருகிறது, ஆங்கிலத்தில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
– மாணவி, ராஜபாளையம்

அந்த ஒரு கேள்விக்கு எல்லாரும் யூட்யூபில் பார்த்த அதே பத்து வரியை ஒப்பிக்கிறார்கள், கேட்கிறவருக்கும் தூக்கம் வருகிறது. நீங்கள் செய்த புராஜெக்டைப் பற்றி ஆறு வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன். சின்னச் சின்ன வாக்கியம், இலக்கணம் கொஞ்சம் தப்பினாலும் யாரும் சிவப்பு மை போட மாட்டார்கள். போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் ‘ப்ளீஸ் ரிப்பீட் சார்’ என்று கேட்பது குறை கிடையாது, புரியாமல் தலையாட்டுவதுதான் மாட்டிவிடும். இப்போது பல கம்பெனிகள் ஆள் வந்து பேசுவதற்கு முன்பே கணினியை வைத்து உங்கள் பேச்சைப் பரிசோதிக்கின்றன, அது ஒரு வாக்கியம் சொல்லும், நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குக் காது பழக வேண்டும். தினம் இருபது நிமிடம் ஆங்கிலச் செய்தி கேட்டு, நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள், வீட்டில் சிரித்தால் மொட்டை மாடிக்குப் போய்ச் சொல்லுங்கள்.

பயிற்சி கொடுத்து வேலை தரும் கம்பெனி ஒன்று, இரண்டு வருட பாண்டும் (நடுவில் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறது. பாண்ட் சட்டப்படி செல்லாது என்று ரீல்ஸில் சொன்னார்கள்...
– பட்டதாரி, பழனி

ரீல்ஸை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் வேலை பார்க்காமல் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, தொகையும் காலமும் நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்களும் அதையே பாருங்கள்: எவ்வளவு தொகை, பாதியில் விட்டால் தொகை குறையுமா, பயிற்சிக் காலமும் அந்த இரண்டு வருடத்தில் சேருமா, கம்பெனியே அனுப்பிவிட்டால் என்ன. ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுக்காதீர்கள். காட்டலாம், சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும்.

இரண்டு அரியர் இருக்கிறது. பயிற்சியில் சேரலாமா, முதலில் அரியரை முடிக்கலாமா?
– மாணவர், ஆம்பூர்

அரியரை முடியுங்கள். முன்பு அரியர் வைத்து எழுதி முடித்தவர்களைப் பல கம்பெனிகள் ஏற்றுக்கொள்ளும், தேர்வு நாளில் நிலுவையில் வைத்திருப்பவர்களை விண்ணப்பப் படிவமே உள்ளே விடாது. ரிசல்ட் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்து, வரும் நவம்பர் தேர்வுக்கே ஃபீஸ் கட்டிவிடுங்கள். கடைசித் தேதி போனால் அபராதத்தோடு கட்டவும் சில நாட்கள் கொடுப்பார்கள்.